முதுகு நீரும் அதிலுள்ள புரதமும்

"முதுகிலிருந்து நீர் எடுத்தால் கால் முடங்கிவிடும்" என்னும் அச்சம் நம்மவரிடையே இன்னும் நீங்கவில்லை. வைத்தியர் இப்பரிசோதனையைச் சொன்னவுடனே நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்வோரும் உளர். ஆகவே இதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று உள்ளது. வளர்ந்தோர்க்கு இது சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். நாள்தோறும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. ஆதலின் எடுக்கப்படும் சிறிதளவு நீர் விரைவில் ஈடாகிவிடும். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியோ அதற்கும் கீழே செலுத்தப்படுகிறது. 1891-இல் ஜெர்மானிய வைத்தியர் குவிங்கே வகுத்த முறை இது. சிலருக்குச் சில நாட்கள் தலைவலி இருக்கலாம். தலையினுள் அழுத்தம் மிகுதல், இரத்தம் உறையாமை போன்ற தடைகள் உளவா என்பதை வைத்தியர் முன்னரே ஆராய்வார்.

இரத்தத்தின் தெளிநீரில் 100 மில்லிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை புரதம் உண்டு. முதுகு நீரிலோ 15 முதல் 45 மில்லிகிராம் மட்டுமே. இடையிலுள்ள இயற்கைத் தடுப்பே இதற்குக் காரணம். நோயினால் அத்தடுப்பு தளருமாயின் புரதம் கசிந்து பெருகும்.

இதனை அளப்பது எவ்வாறு? பட்டு ஒரு புரதம். அது சாயத்தை இறுகப் பற்றுவதை நெசவாளர் நன்கறிவர். அவ்வாறே முதுகு நீரின் புரதமும் பைரோகலால் சிவப்பு என்னும் சாயக் கரைசலோடு கூடி நிறத்தை மாற்றுகிறது. அம்மாற்றத்தைக் கருவியால் அளந்து, அளவு தெரிந்த கரைசலுடன் ஒப்பிட்டுக் கணக்கிடுகின்றனர்.

மூளை உறைக் காசநோயில் புரதம் பெரும்பாலும் 100 மில்லிகிராமைக் கடக்கும், சர்க்கரை குறையும். 1916-இல் விவரிக்கப்பட்ட கியான்-பாரே என்னும் நரம்பு நோயில் புரதம் உயரினும் வெள்ளணுக்கள் பெருகுவதில்லை. முதல் வாரத்தில் புரதமும் இயல்பாகவே இருக்கக்கூடும். ஊசி பட்டு இரத்தம் கலந்தாலும் அளவு உயர்ந்து காட்டும். எனவே புரத அளவு ஒன்றைக்கொண்டே நோயை முடிவு செய்தல் கூடாது.

மூளை உறைக் காசநோய் குணப்படுத்தத்தக்கதே. ஆனால் சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் ஊனம் எஞ்சலாம். ஊசிக்கு அஞ்சி நாட்களை இழக்க வேண்டாம். ஐயமிருப்பின் வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்து, பரிசோதனைக்கு இசைவு தருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.