கல்லில் உறைந்த திசை

கிப்லாவின் திசையறியக் காந்த ஊசியைப் பயன்படுத்தும் முறையை யமன் நாட்டு சுல்தான் அல்அஷ்ரஃப் உமர் (மறைவு 1296) எழுதி வைத்துச் சென்றார். அவ்வூசியை இயக்கும் புவிக்காந்தம், மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பாறைகளிலும் தன் திசையைப் பதித்திருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியும் அதன் வடபுலமும் இதனை ஆராய ஏற்ற நிலமாகும்.

இங்கே இருவகைப் பாறைகளைப் பிரித்தறிதல் வேண்டும். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது செறிந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குச் சென்றது சேலத்துத் தாதுவே. ஆயினும் அது, பழைய படிவு பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை. அதன் காந்தம் எக்காலத்தது என்று துணிதல் எளிதன்று. தொல்காந்த ஆய்வாளர் பெரிதும் நாடுவது தீப்பாறைகளையே. நிலத்தின் பிளவுகளில் பாறைக்குழம்பு புகுந்து இறுகிய கறுத்த டோலரைட் சுவர்கள் அவ்வகையின. புவியியலார் இவற்றை 'டைக்' என்பர்.

குழம்பு இறுகிய உடனே அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் நிலைத்த காந்தம் பெறுவதில்லை. வெப்பம் 580 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதுதான் அக்காலத்துப் புவிக்காந்தப் புலத்தின் போக்கிலே காந்தம் ஏற்கின்றன. மேலும் குளிர்ந்ததும் அதனை விடாது பற்றிக்கொள்கின்றன. காந்தத் துருவத்தில் புலம் செங்குத்தாக நிற்கும். காந்த நடுக்கோட்டில் கிடையாக அமையும். ஆதலால் பாறையிலுள்ள காந்தத்தின் சாய்வைக் கொண்டு, அது குளிர்ந்த காலத்தில் அந்நிலம் எந்த அட்சரேகையில் இருந்தது என்று கணிக்கலாம்.

இன்று சேலத்தில் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடையாகவே உள்ளது. ஆனால், பெங்களூர் முதல் தருமபுரி வரையிலான பழைய டைக் தொகுதியில் அது செங்குத்தை நெருங்கி நிற்கிறது. யுரேனியம் ஈயமாக மாறும் அளவைக் கொண்டு அவற்றின் வயது ஏறத்தாழ 237 கோடி ஆண்டு எனக் கணித்துள்ளனர். அன்று இந்நிலம் துருவத்தை அண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

இப்பதிவைப் படிக்கப் பாறை தன் இடத்திலேயே இருத்தல் வேண்டும். ஆய்வாளர் துளையிட்ட கல்லுருளையின்மீது வடதிசையையும் சாய்வையும் குறித்த பின்னரே அதனைப் பெயர்த்தெடுப்பர். பாறையின் காந்தம் திசைகாட்டியையே பிறழச் செய்யுமாதலால் கதிரவன் நிழலையும் துணைகொள்வர். 'கறுப்பு கிரானைட்' என்ற வணிகப் பெயரில் வெட்டப்பட்டுக் கல்லறைப் பலகையாகக் கப்பலேறுவதில் பெரும்பங்கு இந்த டோலரைட்டே. மெருகேறிய பலகையிலும் காந்தம் இருக்கும். அது எத்திசை நோக்கி நின்றது என்பது மட்டும் அறியவொண்ணாது போகும்.

'இரும்பு' (அல்ஹதீத்) என்று ஓர் அத்தியாயத்துக்கே பெயர் கொண்ட வேதத்தை உடையோர் நாம். ஆய்வு முடிவுகளை வசனங்களோடு வலிந்து பொருத்துதல் வேண்டா. படைப்பை உற்றுநோக்குமாறு வேதம் பணிப்பதே போதுமானது. வெட்டுமுன் ஒவ்வொரு டைக்கிலும் திசை குறித்த மாதிரிகளை எடுத்துக் காத்தல் அப்பணியில் ஒரு பகுதியாகும்.