ஷாவிலிருந்து செக்கிங் வரை

நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சந்தைப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். புடைவைக் கடையில் ஒரு தாய், "அந்தச் செக் துணியில ரெண்டு மீற்றர் வெட்டுங்கோ" என்பார். வங்கி வாசலில் ஒருவர் செக் மாற்றக் காத்து நிற்பார். மருந்துக் கடையில் ஒரு மூதாட்டி, "பிறசரை ஒருக்காச் செக் பண்ணிப் பாருங்கோ தம்பி" என்று கையை நீட்டுவார். இவர்களில் எவரும் தாம் ஆங்கிலம் பேசுவதாக நினைப்பதில்லை.

கட்டம் போட்ட துணிக்கும் காசோலைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? உறவு இருக்கிறது, சகோதரிகளே! அந்த உறவின் நடுவில் ஓர் அரசர் உட்கார்ந்திருக்கிறார்.

ஷாஜஹான், பாதுஷா என்ற பெயர்களில் வரும் 'ஷா'தான் அவர். பாரசீக மொழியில் அரசன் என்று பொருள். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அரபிகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. அப்பாஸியர் காலத்தில் அல்-அத்லி, அஸ்-ஸூலி முதலியோர் இவ்விளையாட்டைப் பற்றி நூல்களே எழுதினார்கள். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது 'ஷா' என்று குரல் கொடுப்பார்கள். உன் அரசனைக் காத்துக்கொள் என்ற எச்சரிக்கை அது. அரபிகள் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது அந்தக் குரலும் கூடவே போனது. இலத்தீனில் 'ஸ்காக்கஸ்', பழைய பிரெஞ்சில் 'எஷெக்', கடைசியில் ஆங்கிலத்தில் 'செக்'. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் இன்றைய 'செஸ்'.

'செக்மேட்' என்பதும் 'ஷா மாத்' என்பதன் திரிபே. அரசன் மௌத்தாகிவிட்டான் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். செயலற்றுப் போனான் என்ற பாரசீகப் பொருளே பொருத்தம் என்பது அறிஞர் பலரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதே இல்லையே!

அரசனுக்குச் செக் வைத்தால் எதிராளி நினைத்தபடி ஆட முடியாது. ஆகவே அச்சொல்லுக்குத் தடுத்தல், கட்டுப்படுத்தல் என்ற பொருள் வந்தது. தடுத்து நிறுத்திப் பார்ப்பதிலிருந்து சரிபார்த்தல் என்ற பொருளும் கிளைத்தது. சதுரங்கப் பலகையின் கட்டங்கள் துணிக்கும் பெயர் கொடுத்தன. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரச வருமானத்தைக் கணக்கிட, சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசையில் கட்டமிட்ட துணியை விரித்து, அதன்மேல் காய்களை நகர்த்தினார்கள். இதனால் திறைசேரிக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயராயிற்று. பிரித்தானிய நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இன்றும் அந்தக் கட்டத் துணி இருக்கிறது!

காசோலைக்கு வருவோம். 'செக்' என்பது அரபியின் 'ஸக்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நம்மவர்கள் மேடைகளில் பெருமையோடு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'ஸக்' என்ற பணப் பத்திரம் இருந்தது உண்மைதான். 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், ஆபிரிக்காவின் அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனாருக்கான ஸக் ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அதன் பன்மையான 'சுகூக்' இன்றைய நிதிச் சந்தையிலும் புழங்குகிறது. ஆனால் ஆங்கில அகராதிகள் வேறு வழி காட்டுகின்றன. 18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கே 'செக்' என்று பெயர். பிறகு அது தாளுக்கே ஆகிவந்தது. 'ஷா' வழியாகவே நமக்குப் போதிய பங்கு கிடைத்திருக்கிறது. உறுதியில்லாத பெருமையை எதற்குச் சேர்க்க வேண்டும்?

இத்தனை பொருள்களும் புத்தகத்தில் கிடைக்கும். இன்னொன்றை நாம் பட்டறிந்து கற்றோம்.

1990 அக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வெளியேறியவர்கள் வரிசையில் நிறுத்திச் சோதிக்கப்பட்டார்கள். பணமும் நகையும் போயின. பெண்களின் காதணிகளைக் கூட விடவில்லை. அந்த வரிசையில் நின்ற உம்மாமார் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும்? 'செக்கிங்' என்றால் என்னவென்று மட்டும் ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1996இல் வடமராட்சி இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்த பின், நெல்லியடி மக்களுக்கும் இந்தப் பாடம் நீண்டது. செக் பொயின்றில் பஸ் நிற்கும், இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து வைத்து, நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல.

2009இல் போர் முடிந்தது. இன்று அங்கே இளையவர்களிடம் 'செக்' என்றால் துணியையும் வங்கியையும் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டிய ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கை அவரை அறியாமலே அடையாள அட்டை வைத்திருக்கும் பையைத் தடவும்.