கண்டது வேறு... கருதியது வேறு!

மரவள்ளிக் கொழுந்து சுருண்டிருக்கிறது. ‘என்ன தெரியுது?’ என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். ‘நோய் வந்திருக்கு’ என்பான். ஆனால், கண்ணுக்குத் தெரிவது சுருண்ட இலை மட்டும்தான். நோய் என்பது அவன் கருதியது. பள்ளி அறிவியலில் இதுதான் முதல் பாடம். தர்மபுரி மரவள்ளி விவசாயிகளுக்கு இது காசு விஷயமும்கூட!

2020-ல் கேரளாவில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, தமிழ்நாட்டுக்கும் பரவியது. அது தாக்கினால், நுனி இலைகள் சுருங்கிக் கொத்தாகிவிடும். தேமல் நோயிலும் இலை சுருங்கும். எனவே, சுருக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மாவு போல ஒட்டியிருந்தால், மாவுப்பூச்சியாக இருக்கலாம். மாவு இல்லாமல், மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள் இருந்தால், வெள்ளை ஈ பரப்பும் தேமலாக இருக்கலாம்.

தேமல் வைரஸுக்கு மருந்து கிடையாது. நோயில்லாத செடியில் விதைக்குச்சி எடுப்பதே வழி. மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த, 2022-ல் சேலம் மாவட்டம், ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ‘அனகைரஸ் லோபெசி’ ஒட்டுண்ணிக் குளவி விடப்பட்டது. அவசரப்பட்டு விஷ மருந்து அடித்தால், அந்தக் குளவியும் சாகும்.

பிள்ளையின் நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘கருதியது’. அதையும் செல்போனில் எடுத்த படத்தையும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். மருந்துக்கடைக்குப் போவதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.