கூட்டுவட்டியும் மடக்கையும்: பிறைஸ் கணக்கு பற்றிய ஒரு குறிப்பு

கணிதச் சூத்திரங்கள் சமுதாய உறவுகளுக்கு அப்பாற்பட்டவை என்பது பரவலாக நிலவும் கருத்தாகும். அடுக்குக்குறிச் சார்பு கூட்டுவட்டிக்குப் பயன்படுத்தப்பட்ட வரலாறு இக்கருத்தை மீள்பரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. முதலிற் கணித முறையை நோக்குவோம்.

ஆண்டுக்கு 5 சதவீதக் கூட்டுவட்டிக்கு விடப்பட்ட பணம் எத்தனை ஆண்டுகளில் இரட்டிக்கும்? ஒவ்வோராண்டும் தொகை 1.05 ஆற் பெருக்கப்படுகின்றது. எனவே 1.05 இன் எத்தனையாவது அடுக்கு 2 ஆகும் என்பதே வினா. தேடப்படும் கணியம் அடுக்கில் அமைந்திருத்தலாற் சாதாரண வகுத்தல் பயன்படாது. 1614 இல் ஜோன் நேப்பியர் வெளியிட்டதும், பின்னர் ஹென்றி பிறிக்ஸ் பத்தை அடியாகக் கொண்டு சீரமைத்ததுமான மடக்கை இவ்விடத்திற் கைகொடுக்கின்றது. சமன்பாட்டின் இரு பக்கங்களுக்கும் மடக்கை எடுக்குமிடத்து, அடுக்கு பெருக்கெண்ணாகக் கீழிறங்கும். 2 இன் மடக்கை 0.3010, 1.05 இன் மடக்கை 0.0212. முன்னையதைப் பின்னையதால் வகுக்க, ஏறக்குறைய 14.2 ஆண்டுகள் என விடை பெறுகின்றோம்.

இதே முறையை ஒரு புகழ்பெற்ற கணக்கிற்குப் பிரயோகிப்போம். இங்கிலாந்தின் தேசியக் கடன் பற்றி 1772 இல் எழுதிய றிச்சார்ட் பிறைஸ், கிறிஸ்து பிறந்த காலத்தில் 5 சதவீதக் கூட்டுவட்டிக்கு விடப்பட்ட ஒரு பென்னி, தம் காலத்தில் முழுதும் பொன்னாலான 15 கோடிப் பூமிகளுக்குச் சமமாகியிருக்கும் என்றார். தனிவட்டியாயின் அது ஏழு சிலிங்குகளைச் சிறிதே தாண்டியிருக்கும். 1772 ஐ 0.0212 ஆற் பெருக்க 37.6 வருகின்றது; அதாவது, பென்னிகளின் தொகை 38 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். மலைக்கவைக்கும் இவ்வளர்ச்சியிற் கணிதப் பிழை எதுவுமில்லை.

பிறைஸின் சிந்தனையால் ஈர்க்கப்பட்ட பிரதமர் வில்லியம் பிட், 1786 இல் ஆண்டுதோறும் 10 இலட்சம் பவுண் ஒதுக்கிக் கூட்டுவட்டியின் வலிமையாற் கடனைத் தீர்க்கும் நிதியமொன்றை நிறுவினார். போர் மூண்டதும் அந்நிதியத்தைப் பேணுவதற்கே புதுக்கடன் பெறப்பட்டது. செலவை விஞ்சிய வருமானமே கடனைக் குறைக்கும் என்பதை 1813 இல் றொபேட் ஹமில்ற்றன் எடுத்துக்காட்டினார்.

1894 இல் வெளிவந்த 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் பிறைஸை எள்ளிநகையாடுவதன் காரணமும் இங்கேயே தெளிவாகின்றது. மூலதனத்தைத் தானே பெருகும் பொறியாகப் பிறைஸ் கருதினார். வட்டியோ உழைப்பாளரின் உபரி உழைப்பிலிருந்து பெறப்படும் ஒரு பங்காகும். வேலைநாளுக்கு எல்லையுண்டு, உழைக்கும் மக்கட்டொகைக்கும் எல்லையுண்டு. மாறாத வீதத்தை எடுகோளாகக் கொண்ட சூத்திரத்திற்கு அவ்வெல்லைகள் தெரியா.

கடன்பட்ட விவசாயியின் கடன் 14 ஆண்டுகளில் இரட்டிக்கலாம். அவனது நிலத்தின் விளைச்சல் அவ்வாறு இரட்டிக்க வேண்டும் என்ற நியதி இல்லை. ஆதலால் இவ்வளர்ச்சி நடைமுறையிற் கடன் தள்ளுபடியிலோ, பணவீக்கத்திலோ, நிலப் பறிமுதலிலோ முடிவடைகின்றது. இவற்றுள் எது நிகழும் என்பதை மடக்கை அட்டவணை கூறாது. வர்க்கங்களின் பலாபலமே தீர்மானிக்கும். கணக்கைச் செய்து முடித்தபின், அவ்வீதத்தை எவருடைய உழைப்புத் தாங்குகின்றது என்று வினவுவதும் அக்கணக்கின் பகுதியே என நாம் கருதுகின்றோம்.