மனச்சுமையும் தேக நலமும்

ஊரிலிருந்து வேளைகெட்ட வேளையில் தொலைபேசி ஒலித்தால் நம்மில் யாருக்குத்தான் நெஞ்சு திடுக்கிடாது? எடுத்துக் கேட்டால், ‘சாப்பிட்டாயா?’ என்று வினவத் தாயார் அழைத்திருப்பார். ஆயினும் படபடப்பு அடங்க நேரம் பிடிக்கிறது. மனம் தெளிந்த பின்னும் உடல் தெளிய மறுப்பது ஏன்?

ஆபத்தென்று மூளை கருதிய மாத்திரத்தில், சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. பின்னர்ச் சுரக்கும் கார்ட்டிசால், உடலுக்கு வேண்டிய சர்க்கரையை இரத்தத்தில் பெருக்குகிறது. வரப்பில் பாம்பைக் கண்டவன் துள்ளி விலகுவதற்கு இயற்கை அளித்த துணை இது. பாம்பு புதரில் மறைந்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் வீட்டு வாடகையும், பள்ளிக் கட்டணமும், மேலதிகாரியின் கடுமுகமும் புதரில் மறைவதில்லையே!

வியன்னாவில் பிறந்து கனடாவில் ஆராய்ச்சி புரிந்த ஹான்ஸ் செலியே, 1936-ஆம் ஆண்டு இதனை விளக்கினார். எலிகளைக் குளிருக்கும், ஓயாத உழைப்புக்கும், நஞ்சுக்கும் உட்படுத்தினார். துன்பங்கள் வெவ்வேறாயினும் விளைவு ஒன்றே: அட்ரினல் பருத்தது, நோயெதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் கண்டது. உடல் முதலில் அஞ்சி விழிக்கிறது, அடுத்துத் தாக்குப்பிடிக்கிறது, இறுதியில் ஓய்ந்துபோகிறது என்பது அவர் கண்ட முடிவு.

டோம்பிவலியிலிருந்து நாள்தோறும் நெரிசல் ரயிலில் மும்பைக் கோட்டைப் பகுதிக்குச் சென்றுவரும் அன்பர் ஒருவரை நாம் அறிவோம். ஊரில் தந்தையார் படுத்த படுக்கை. தங்கையின் கல்யாணக் கடன் வேறு. ஓராண்டாக உறக்கமில்லை. ‘வெறும் வாய்வு’ என்று சொல்லிச் சோடா அருந்தி வந்தார். ரயில் நிலையப் படியில் தலைசுற்றி அமர்ந்த பிறகே மருத்துவரை நாடினார். இரத்த அழுத்தம் அளவுமீறியிருந்தது. “கடன் பெரிதன்று; என்னிடம் மறைத்தாரே, அதுதான் வலிக்கிறது” என்றார் அவர் மனைவியார். அயல்மொழி புரியாத நகரில் நான்கு சுவர்களுக்குள் அந்த அம்மையார் சுமந்த பாரத்தையும் அன்றுதான் நாம் உணர்ந்தோம்.

செய்யத் தக்கவை என்ன? நாளொன்றுக்கு 7 மணி நேரமேனும் உறங்குதல் வேண்டும். வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் விரைந்து நடப்பது நன்று. படபடப்பு எழுந்தால் மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடலாம். மாலைக்குப் பின் காப்பியைக் குறைப்பது உறக்கத்துக்கு உதவும். புகையிலையும் மதுவும் சுமையைக் குறைப்பனபோல் காட்டிப் பெருக்குவன. மார்வலியை வாய்வென்று தள்ளாது, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே மனம் விட்டுப் பேசலாம்.

எல்லாவற்றினும் மேலானது, சுமையை வீட்டாரிடம் சொல்லுதல். சங்கக் கூட்டங்களில் அரிசி விலையும் ரயில் முன்பதிவும் பேசி மகிழ்கிறோம். அடுத்த கூட்டத்தில், அருகில் அமர்ந்தவரை ‘இரவில் நன்றாக உறங்குகிறீர்களா?’ என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக. கேட்டபின், அவர் சொல்லி முடிக்கும்வரை எழாதிருப்போமாக.