கமெராவுக்குப் பின்னால் இருப்பவர் யார்?

நாம் நடத்தும் தையல் பயிற்சி நிலையமொன்றில் அண்மையில் இரண்டு இயந்திரங்களின் மோட்டர்கள் களவு போயின. காவலாளியோடு பேசி, ஆள் பிடித்து, இரண்டு கமெராக்களைப் பூட்டினோம். ஒன்று வாசலைப் பார்த்தது. மற்றையது மண்டபத்தைப் பார்த்தது. அந்த மண்டபத்தின் ஒரு மூலையில்தான் பிள்ளைகள் மத்தியானம் சோறு உண்டு, சற்றே சரிந்து இளைப்பாறுவார்கள். அவர்களிடம் நாம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மறுவாரம் ஒரு பிள்ளை வந்து, "பாதர், அந்தப் படத்தை ஆர் இருந்து பாக்கிறது?" என்று கேட்டாள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. விசாரித்தபோது, கமெரா பூட்டிய தம்பியின் கைத்தொலைபேசியிலும் அந்தப் படம் தெரிவது புலப்பட்டது. அவர் கெட்டவரல்லர். கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமென்று எமக்குத்தான் தோன்றவில்லை. அன்றே கடவுச்சொல்லை மாற்றி, கமெராவைக் களஞ்சிய அறைக் கதவுப் பக்கம் திருப்பினோம்.

அந்தப் பிள்ளையின் கேள்வி எமது குடும்பங்கள் பலவற்றுக்கும் உரிய கேள்வியாகும். யுத்தம் முடிந்தபின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. காணி கைக்கு வராதவர்களும், காணி வந்தும் கமத்தில் கட்டுப்படியாகாதவர்களும் தம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகின்றனர். தொழிற்சாலையோ கடையோ வங்கியோ, தலைக்கு மேல் ஒரு கமெரா இருப்பது இன்று வழமையாகிவிட்டது.

கமெராவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. காவல் கொட்டில் போட்டு, பன்றிக்கும் யானைக்கும் இராக்காவல் இருந்து பயிரைக் காப்பாற்றியவர்கள் நாம். ஆனால் கொட்டிலில் இருப்பவர் அயலாரின் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைக் காவல் என்பாருண்டோ? 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் தறப்பாள் கூடாரங்களில் இருந்தவர்களுக்கு, உடுப்பு மாற்ற ஒரு மறைப்பு எவ்வளவு பெரியது என்பதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

உலகம் ஏற்றுக்கொண்ட நெறி

சர்வதேச தொழில் தாபனம் 1997 இல் தொழிலாளரின் தனிப்பட்ட விபரங்களைப் பாதுகாக்கும் நெறிக்கோவையொன்றை வெளியிட்டது. கண்காணிப்பு நடக்குமானால் அதன் காரணம், நேரம், முறை என்பவற்றைத் தொழிலாளருக்கு முற்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. கருவி பதிந்ததை மட்டும் வைத்து ஒருவரின் வேலைத்திறனை மதிப்பிடலாகாது என்றும் கூறுகிறது. இது சட்டமன்று, வழிகாட்டல் மட்டுமே.

ஸ்பெயினில் 2009 இல் ஒரு பல்பொருள் அங்காடியில் பொருட்கள் குறைந்தன. முதலாளி சில கமெராக்களை வெளிப்படையாகவும் சிலவற்றை மறைத்தும் பூட்டினார். களவில் சம்பந்தப்பட்டதாக 14 பேர் வேலைநீக்கப்பட்டனர். அவர்களுட் சிலரின் வழக்கில் 2019 இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், முதலாளி பக்கமே சாய்ந்தது. களவு பற்றி நியாயமான சந்தேகம் இருந்தது. கண்காணிப்புப் பத்து நாட்களே நடந்தது. காசாளர் பகுதியை மட்டுமே பார்த்தது என்பன அதன் காரணங்கள். ஆயினும் மலகூடம், உடைமாற்றும் அறை போன்ற இடங்களில் முழுத் தடைகூட நியாயமே என்று அதே தீர்ப்பு கூறிற்று. ஆகவே எதற்காக, எங்கே, எவ்வளவு காலம் என்ற மூன்றுமே நியாயத்தை அளக்கும் மரைக்கால்.

எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவரை அடையாளங் காட்டும் படமும் அவரது தனிப்பட்ட தரவே. எனினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. அதற்காக நாம் வாய் மூடியிருக்க வேண்டுமா? கேள்வி கேட்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கேட்க வேண்டிய ஐந்து

கமெரா எதற்காக? எந்தெந்த இடங்களைப் பார்க்கிறது? படத்தை யார் பார்க்கிறார்? எத்தனை நாள் வைத்திருந்து அழிக்கிறார்கள்? ஒருவர்மேல் குற்றம் வந்தால், அந்தப் படத்தை அவருக்கும் காட்டி, அவர் சொல்வதையும் கேட்பார்களா?

இவற்றைத் தனியே போய்க் கேட்கும் பிள்ளைக்குக் "கரைச்சல்காரி" என்ற பெயர் வரக்கூடும். எனவே ஊழியர் சபை இருந்தால் அதனூடாக, தொழிற்சங்கம் இருந்தால் அதனூடாக, இரண்டும் இல்லையேல் பத்துப் பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். மலகூடத்திலோ உடைமாற்றும் இடத்திலோ கமெரா கண்டால் தாமதியாது பெற்றோருக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள்.

பெற்றோரே, வேலையால் வரும் பிள்ளையிடம் சம்பளத்தை மட்டும் கேளாதீர்கள். அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கம், கடை, முன்பள்ளி, பயிற்சி நிலையம் என்று நடத்துகின்ற நாமும், அடுத்தவரைக் கேட்குமுன் எமது கூரைக்குக் கீழே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம். என்னை அவ்வாறு பார்க்க வைத்தது பதினெட்டு வயதுப் பிள்ளையொருத்தியின் ஒரு கேள்வியே.