மட்டைத் தண்ணி ஏன் கறுக்குது?

சிலாபம், மாரவில, வென்னப்புவப் பக்கத்துத் தும்பு மில்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டைக் குழியின் நாத்தமும் கறுத்த தண்ணியும் புதுசல்ல. அந்தக் குழிக்குள் என்ன நடக்குது, அந்தத் தண்ணியைத் தெளிய வைக்க முடியுமா என்று இம்முறை பார்ப்போம்.

குழிக்குள் நடப்பது

மட்டையில் தும்பையும் தும்புச்சோற்றையும் பெக்டின் என்ற பசை பிடித்து வைத்திருக்கிறது. தண்ணியில் ஊறும்போது பற்றீரியாக்கள் நொதியங்களைச் சுரந்து இந்தப் பசையை இளக்குகின்றன. நொதியம் என்பது உயிருள்ளவை உண்டாக்கும் ஒரு புரதம். தான் செலவாகாமல் ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும். சோத்தை நல்லா மென்றால் இனிக்குதே, அது எச்சிலில் உள்ள நொதியத்தின் வேலைதான்.

பசை இளகும்போது மட்டையின் துவர்ப்புச் சாயமும் தண்ணியில் இறங்குகிறது. இவை பீனோல் வகைப் பொருட்கள். இந்தத் தண்ணி ஓடையிலோ களப்பிலோ கலந்தால் மீன் மூச்சுத் திணறும். மணல் தரையில் அது கிணற்றுக்கும் கசியும்.

தெளிய வைக்கும் நொதியம்

லக்கேஸ் என்றொரு நொதியம் உண்டு. 1883 இல் யோஷிடா என்பவர் ஜப்பானிய அரக்கு மரப்பாலில் இதைக் கண்டார். சிப்பிக்காளானும் இதைச் சுரக்கும். காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு பீனோல் துணுக்குகளை ஒன்றோடொன்று கோர்த்து விடுவது இதன் வேலை. கோர்த்தவை பெருத்து அடியில் படியும். பிறகு வடித்து எடுக்கலாம். மரத்தை ஆவியில் அவித்து எடுக்கும் சாற்றிலிருந்து இலிக்னினை நீக்கவும் இம்முறையை ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர்.

அப்படியென்றால் குழியிலேயே கொட்டலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஊறும் குழியில் ஒட்சிசன் இல்லை. தண்ணியை வேறு தொட்டிக்கு மாற்றிக் காற்றுப் புகவிட வேண்டும், படிந்த சேற்றையும் அகற்ற வேண்டும். நொதியத்துக்கும் காசு வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது

1. குடிதண்ணிக் கிணற்றுக்குத் தூரமாகவே குழி வெட்டச் சொல்லிக் கேளுங்கள்.
2. கறுத்த தண்ணியை நேரே ஓடையில் திறந்து விடாதீர்கள்.
3. ஆழமான குழியில் தனியே இறங்க வேண்டாம். அழுகிய முட்டை நாத்தம் தரும் வாயு உயிரைக் குடிக்கும். அது கூடினால் மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. நாத்தம் நின்றதும் ஆபத்துப் போச்சு என்று நினைக்காதீர்கள்.
4. உள்ளே ஒருவர் விழுந்தால் பதறிப் பின்னால் குதிக்காதீர்கள். உடனே ஆட்களைக் கூப்பிட்டு, வெளியே நின்றபடி கயிறு போட்டு இழுங்கள்.

தும்பு நமக்குச் சோறு போடுகிறது. அதற்காகக் கிணற்றையும் உயிரையும் கொடுக்க வேண்டியதில்லை.